பெரியம்மாவிடம் கேளுங்கள்: சிரசுக்குச் சொந்தம் வருது!

வைகாசி நெருங்கினால் எனக்கு வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பாட்டுதான்: "சொந்தக்காரங்க வர்றாங்க பெரியம்மா!" சந்தோஷத்தில் எழுதியதா, அலறலில் எழுதியதா என்பது கையெழுத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. வைகாசி முதல் நாள் எங்கள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. மே 14 அல்லது 15-இல் வரும். தலை வெட்டுண்ட ரேணுகா தேவியின் கதைதான். முத்யாலம்மன் கோயிலிலிருந்து அம்மன் தலை மட்டும் ஊர்வலமாகப் புறப்பட்டு, கெங்கையம்மன் கோயிலில் உடலோடு சேரும். பள்ளிக்கூடம் லீவு, மாம்பழம் மலிவு, அம்மன் வேறு கூப்பிடுகிறாள். தீபாவளிக்கு எட்டிப் பார்க்காதவர்கள்கூடப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். இந்த இதழில் அந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதல் கடிதம்: சென்னையில் வளர்ந்து குடியாத்தத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். சிரசுக்கு மாமியார் வழியில் முப்பது பேர் வருவார்கள். எல்லாரும் பாசமானவர்கள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கல்யாணமானதிலிருந்து சிரசு எங்கள் தெருமுனையைத் தாண்டுகிற சத்தத்தை அடுப்படியில் நின்றுதான் கேட்கிறேன். ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. எனக்கும் இது பண்டிகையாக இருக்க என்ன வழி? (ஒரு மருமகள், குடியாத்தம்)

கண்ணு, முப்பது பேர் உனக்குப் பாரமே இல்லை. உன்னைக் கட்டிப்போடுவது தோசைக்கல். முப்பது பேருக்குத் தோசை என்றால் என்ன கணக்கு? ஆளுக்கு மூன்று, குழந்தைகளுக்கு முறுகலாகத் தனியாக ஒன்று, சித்தப்பாவுக்கு வெங்காயம் போட்டு. முதல் பந்தி கை கழுவும்போது கடைசி ஆள் குளித்துவிட்டு வருவார். பதினொரு மணி வரை நீ கல்லை விட்டு நகர முடியாது. அதற்குள் சிரசு எங்கேயோ போயிருக்கும்.

அதனால் சிரசன்று காலையில் தோசை, பூரி, பொங்கல் எதுவும் வேண்டாம். கூழ் வை. அம்மனுக்கும் அதுதான், கத்திரி வெயிலுக்கும் அதுதான். கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்க வை. சாயங்காலம் நொய்யை வேகவிட்டு, மாவை ஊற்றிக் கிளறி இறக்கி ஆறவிடு. காலையில் மோர் விட்டுக் கையால் கரைத்து உப்புப் போட்டால் வேலை தீர்ந்தது. பெரிய தூக்கில் ஊற்றி நடைக்குக் கொண்டுபோய் வை. பக்கத்தில் அரிந்த சின்ன வெங்காயம், மோர் மிளகாய், மாங்காய், சொம்புகள். வேண்டியவர்கள் வேண்டியபோது ஊற்றிக் குடித்துக்கொள்வார்கள். பந்தியும் வேண்டாம், பரிமாறுகிறவளும் வேண்டாம். மத்தியானத்துக்கு விடியற்காலையிலேயே கிளறிய புளிசாதம், அப்புறம் தயிர்சாதம், வடகம். கறிச்சோறு வேண்டும் என்கிறவர்களுக்கு மறுநாள். எங்கள் வீட்டில் ரொம்ப காலமாக இப்படித்தான், ஒருவரும் இளைத்துப் போகவில்லை.

சரி, இதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது? "என்னால முடியல அத்தை" என்று ஆரம்பித்தால் அது வேறு எங்கோ போய் நிற்கும். அதற்குப் பதிலாக, ஒரு சாயங்காலம் பூ கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, "நீங்க கடைசியா எப்ப அத்தை சிரசு பார்த்தீங்க?" என்று கேட்டுப் பார். பதில் வர நேரமாகும். அவர்களும் அதே அடுப்படியில் நின்றுதானே உன் வீட்டுக்காரரை வளர்த்தார்கள்? இரண்டு பேருமாகச் சேர்ந்து கதவைச் சாத்திக்கொண்டு கிளம்புங்கள். ஆண்கள் யாராவது சாவியை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்காரட்டும்.

போகும்போது செருப்புப் போட்டுக்கொண்டு போ. சிரசு வருகிற வழியெல்லாம் தேங்காய் உடைப்பார்கள். தார் ரோட்டில் தேங்காய்த் தண்ணீர் ஓடும், ஓட்டுச் சில்லு காலைக் கிழித்துவிடும். தெருமுனையில் நிற்பதைவிடத் தெரிந்தவர் வீட்டு மாடி நல்லது, அம்மன் முகம் நேராகத் தெரியும். சாயங்காலம் கூட்டம் பெருகும். ராத்திரி வாணவேடிக்கையை மொட்டை மாடியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

பெங்களூருவில் வேலை. ஒவ்வொரு வருடமும் சிரசன்று காலையில்தான் கிளம்புகிறோம், வீடு சேர மத்தியானமாகிவிடுகிறது. ரயிலா, பஸ்ஸா? (ஐ.டி. ஊழியர்)

முந்தின நாள் ராத்திரியே வந்துவிடுங்கள். விழாவன்று ஊருக்குள் வண்டி நுழையாது. ரயில் என்றால் முன்பதிவு 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கும். 120 நாள் என்றிருந்ததை 2024 நவம்பரில் மாற்றிவிட்டார்கள். அதனால் மார்ச் பாதியிலேயே அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். குடியாத்தம் ஸ்டேஷனில் நிற்காத வண்டிகள் நிறைய. காட்பாடியில் இறங்கி பஸ் பிடிப்பது எளிது. காரில் வருவதானால் கோலார் தங்கவயல், வி.கோட்டா, பேரணாம்பட்டு வழி இருக்கிறது. மலை இறக்கத்தில் பின் சீட்டுக் குழந்தைகளுக்கு வாந்தி வரும், எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும்.

எங்கள் கூடலில் இந்த முறை ஆம்பூர் பிரியாணி வீட்டிலேயே செய்யலாம் என்று என் மச்சான் சொல்கிறார். முப்பது பேருக்கு எவ்வளவு போட வேண்டும்? என் மனைவி, "நீங்க ஆம்பளைங்களே செய்யறதா இருந்தா செய்யுங்க" என்று சொல்லிவிட்டாள். முடியுமா? (பேரணாம்பட்டு வாசகர்)

ஏன் முடியாது? நம் பக்கத்துக் கல்யாணங்களில் தேக்சா அண்டா முன்னால் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்பவர்கள் எல்லாம் யார்? ஆண்கள்தானே! வீட்டு அடுப்பைக் கண்டால் மட்டும் எதற்குக் கை நடுங்க வேண்டும்? உங்கள் மனைவி சொன்னதுதான் சரியான யோசனை.

கிலோ அரிசிக்குக் கிலோ கறி. அது எட்டு ஒன்பது பேருக்குத் தாராளமாக வரும். குழந்தைகளும் கலந்த முப்பது பேர் என்றால் மூன்றரைக் கிலோ போதும். அரிசி சீரக சம்பாதான். பாசுமதி போட்டுவிட்டு ஆம்பூர் என்று சொல்லாதீர்கள். மிளகாய்த்தூள் கூடாது. காய்ந்த மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து விழுதாக அரைக்க வேண்டும், அந்த நிறமும் காரமும் அதிலிருந்துதான். பட்டை, லவங்கம், ஏலக்காய் அளவோடு. வெங்காயம், இஞ்சி பூண்டு, மிளகாய் விழுது, தக்காளி, புதினா, கொத்தமல்லி, தயிர் எல்லாம் கறியோடு சேர்ந்து நன்றாக வேக வேண்டும். அரிசியை அரை மணி ஊறவைத்து, வேறு பாத்திரத்தில் கொதிக்கிற உப்புத் தண்ணீரில் முக்கால் பதம் வேகவைத்து வடித்துவிட்டு, கறியில் கொட்டி ஒரு தரம் பதமாகக் கிளறி மூடுங்கள். அடியில் தணலைக் குறைத்து, மூடிமேல் நெருப்புக் கங்கு போடுங்கள்.

ஆண்கள் கெடுப்பது இந்த இடத்தில்தான். "வெந்துச்சா பாரு" என்று அஞ்சு நிமிஷத்துக்கு ஒருத்தர் வந்து மூடியைத் தூக்குவார். இருபது நிமிஷம் யாரையும் கிட்ட விடாதீர்கள். உங்கள் மச்சானை அதற்குக் காவலுக்கு நிறுத்துங்கள். அவர்தானே யோசனை சொன்னவர்.

தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய்தான். அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் கிடைத்தால் விடாதீர்கள். புவிசார் குறியீடு வாங்கிய காய் அது. காம்பில் முள் இருக்கும், நறுக்குகிற பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் ஒன்று. தேக்சாவை விளக்குவதும் பிரியாணி செய்வதில் சேர்த்திதான். அடி பிடித்த பாத்திரத்தைக் கிணற்றடியில் போட்டுவிட்டு, "செஞ்சது நாங்க" என்று மீசையை முறுக்கிக்கொண்டு போகக் கூடாது.

மகன் பத்தாம் வகுப்பு எழுதியிருக்கிறான். மே மாதம்தான் ரிசல்ட்டும் வரும். போன வருடம் என் நாத்தனார் பையனை நடுக் கூடத்தில் நிற்கவைத்து ஆளாளுக்கு மார்க் கேட்டார்கள். அதைப் பார்த்ததிலிருந்து இவன் வர மாட்டேன் என்கிறான். வந்தாலும் மூலையில் செல்போனோடு உட்காருவான். என்ன செய்ய? (தாய், சத்துவாச்சாரி)

பையன் மேல் தப்பே இல்லை. பெரியவர்களுக்குப் பிள்ளைகளிடம் கேட்க வேறு கேள்வி தெரியவில்லை. என்ன சாப்பிட்டே, என்ன படிக்கிறே, எவ்வளவு மார்க். நாலாவது கேள்வி வராது.

மார்க்கை நீங்களே முந்திக்கொண்டு குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள், நல்லதோ சுமாரோ. தெரிந்த விஷயத்தை யாரும் நடுக் கூடத்தில் விசாரிக்க மாட்டார்கள். மீறிக் கேட்கிற அத்தைக்கு, "குரூப்ல போட்டிருக்கேனே அண்ணி, பாக்கலையா?" என்று சிரித்துக்கொண்டே பதில் சொல்லுங்கள்.

செல்போனைப் பிடுங்காதீர்கள். கைக்கு வேறு வேலை கொடுங்கள். பதினைந்து வயசுப் பையனுக்குப் பெரிய ஆளின் வேலை கொடுத்தால் நிமிர்ந்துவிடுவான். ஸ்டேஷனுக்குப் போய்ப் பாட்டியை அழைத்துவருவது, தண்ணீர் கேன் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வது, ராத்திரி மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்துப் பாய் விரித்து யாருக்கு எந்த இடம் என்று தீர்மானிப்பது. இந்தக் கடைசி வேலையில் அதிகாரம் அதிகம், ஃபேன் பக்கத்து இடத்துக்காகச் சித்தப்பாக்களே அவனிடம் வந்து நைஸாகப் பேசுவார்கள். ராத்திரி அதே மாடியில் தாயக்கட்டை உருளட்டும். பணம் வைத்து ஆட வேண்டாம், தோற்றவர் காலையில் பால் வாங்கப் போகட்டும். மார்க் கேட்ட அத்தை தோற்றால் உங்கள் மகன் மூலையைத் தேடவே மாட்டான்.

அம்மா இருந்தவரை விடுமுறைக்கு எல்லாரும் ஊர் வீட்டில் கூடுவோம். அம்மா போய் இரண்டு வருடமாகிறது. வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறோம். அண்ணன் ஆரணியில், அக்கா திருப்பத்தூரில், தம்பி வேலூரில், நான் ராணிப்பேட்டையில். "ஒரு நாள் சேரணும்" என்று போனில் எல்லாரும் சொல்கிறோம், யாரும் வருவதில்லை. பாசம் குறைந்துவிட்டதா? (ராணிப்பேட்டை வாசகர்)

நீங்கள் பிறந்தபோது இந்த நாலு ஊரும் வட ஆற்காடு என்கிற ஒரே ஜில்லா. 1989-இல் திருவண்ணாமலையைப் பிரித்தார்கள், 2019-இல் வேலூரையே மூன்றாக்கினார்கள். உங்கள் குடும்பம் ஆளுக்கொரு மாவட்டமாக நிற்கிறது! ஆனாலும் ஒருவருக்கொருவர் சில மணி நேர பஸ் பயணம்தான். தூரத்தின் மேல் பழி போட முடியாது.

பாசம் குறையவில்லை. கூப்பிடுகிற ஆள் போய்விட்டாள், அவ்வளவுதான். உங்கள் அம்மா "சேரணும்" என்று சொல்லியிருக்க மாட்டார். "ஞாயித்துக்கிழமை வந்துடு, கறி எடுக்கச் சொல்லியிருக்கேன்" என்றுதான் சொல்லியிருப்பார். தேதி இருக்கும், சாப்பாடு இருக்கும், மறுக்க முடியாத குரல் இருக்கும். கடிதம் எழுதியது நீங்கள், அதனால் இனி அந்த வேலை உங்களுடையது. பெரியவர்தான் கூப்பிட வேண்டும் என்று சட்டம் எதுவுமில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது அழைப்பாகாது. ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போடுங்கள், அண்ணனிடம் பேசிவிட்டு அண்ணியிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அக்கா வீட்டில் மாமாவிடம் கட்டாயம் தனியாகச் சொல்லுங்கள். மாமாவுக்கு மரியாதை குறைந்தால் அக்கா வர மாட்டாள். இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முதல் தடவை யார் வீட்டிலும் வேண்டாம். யார் வீடோ அந்த வீட்டுப் பெண் அன்று முழுக்க வேலைக்காரி. பொது இடமாகப் பாருங்கள். வேலூர்க் கோட்டை நாலு பேருக்கும் நடுவாந்திரம். மே மாதத்தில் நாலு மணிக்கு முன்னால் போகாதீர்கள், கருங்கல் கொதிக்கும். அகழியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, ஜலகண்டேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, புல்தரையில் உட்காருங்கள். அந்தக் கோயிலில் வெகுகாலம் மூலவரே இல்லை, 1981-இல்தான் சுவாமி திரும்ப வந்தார். உங்களில் மூத்தவர்களுக்கு அது நினைவிருக்கலாம், பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லுங்கள். 1806 ஜூலையில் சிப்பாய்கள் எழுந்த கதை, திப்புவின் பிள்ளைகளை வைத்திருந்த மகால், கண்டியின் கடைசி ராஜாவைக் குடும்பத்தோடு சிறைவைத்த கதை, எல்லாம் அதே மதிலுக்குள்தான். பேச விஷயம் இல்லையே என்கிற சங்கடமே வராது.

வேறு இடம் வேண்டுமானால் ஜவ்வாது மலை அடிவாரத்தில் அமிர்தி. நிழல் உண்டு, சின்ன மிருகக்காட்சிசாலை உண்டு. அருவியை நம்பி மட்டும் போகாதீர்கள், மழை பெய்தால்தான் தண்ணீர். ஏலகிரி என்றால் 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்ப் பலகை. அந்தப் பெயர்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டே ஏறினால் குழந்தைகளுக்குப் பொழுது போய்விடும். சனிக்கிழமையாக அமைந்தால் ஆலங்காயம் பக்கம் காவலூர் வானாய்வகத்தைப் பொதுமக்கள் பார்க்கலாம். வைனு பாப்பு பெயரில் உள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. போவதற்கு முன்னால் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று கண்டிப்பாகச் சொல்கிறேன். அன்றைக்கு ஊர் வீட்டின் பேச்சை எடுக்காதீர்கள். வாடகை, பங்கு, பட்டா எதுவும் வேண்டாம். யாராவது ஆரம்பித்தால், "அதுக்கு ஒரு நாள் தனியா உக்காருவோம்" என்று சொல்லிவிட்டு மாம்பழத்தை நறுக்குங்கள்.

எல்லாச் செலவும் எங்கள் தலையில்தான். வருகிறவர்கள் ஒரு ரூபாய் எடுப்பதில்லை. கேட்டால் அசிங்கம். (பெயர் வேண்டாம், ஆற்காடு)

ரூபாயைக் கேட்டால்தான் அசிங்கம், பொருளைக் கேட்டால் உரிமை. "அண்ணா, வரும்போது ஆம்பூரிலிருந்து அஞ்சு கிலோ சீரக சம்பா வாங்கிட்டு வந்துடு", "தங்கச்சி, பழம் உன் பொறுப்பு" என்று சொல்லிப் பாருங்கள். முகம் சுளிக்காமல் வாங்கிவருவார்கள். சிலர் அளவுக்கு மேலேயே வாங்கிவந்து பெருமை அடித்துக்கொள்வார்கள், அடித்துக்கொள்ளட்டும். நீங்கள் ஆற்காட்டுக்காரர், மக்கன் பேடா இனிப்பை மட்டும் உங்கள் செலவில் வையுங்கள், அதுவாவது மரியாதை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லாரும் கூடத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் உள்ளே போய்ப் படுத்தால் தப்பா? (காட்பாடி வாசகி)

படுங்கள். யாராவது கேட்டால் தலைவலி என்று சொல்ல வேண்டாம், தைலம் தேய்க்க நாலு பேர் வந்துவிடுவார்கள். "தூக்கம் வருது" என்றே சொல்லுங்கள்.

அப்பாவுக்கு 74 வயது, சர்க்கரை உண்டு. பண்டிகை என்றால் ஆளாளுக்கு இனிப்பை ஊட்டுகிறார்கள். தடுத்தால் நான் கொடுமைக்காரி. (மகள், வாணியம்பாடி)

ஊட்டுகிறவர்களைத் தடுக்காமல் ஊட்டுகிற பொருளை மாற்றுங்கள். அவர் பக்கத்தில் வேகவைத்த வேர்க்கடலையும் வெள்ளரிப் பிஞ்சும் எப்போதும் இருக்கட்டும். இனிப்பு எவ்வளவு என்பதை அவருடைய டாக்டர் சொன்ன அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த ஒரு துண்டை அவருக்குப் பிடித்த பேத்தி கையால் கொடுக்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் யார் நீட்டினாலும், "பேத்தி குடுத்துட்டா" என்று அவரே சொல்லிவிடுவார். வெயில் நேரத்தில் கூட்டத்துக்குள் அழைத்துப்போக வேண்டாம். மாத்திரை வேளையும் சாப்பாட்டு வேளையும் விருந்தாளிகளுக்காகத் தள்ளிப்போகக் கூடாது. அவருக்கு முதல் பந்தியில் இலை போட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்குக் குழம்பு, ஊறுகாய், பலகாரம் எல்லாம் கட்டிக் கொடுக்கிறேன். கொடுத்த டப்பா ஒன்றுகூடத் திரும்பி வருவதில்லை. எவர்சில்வர் விற்கிற விலையில்! (இல்லத்தரசி, பள்ளிகொண்டா)

பாத்திரக் கடையில் பெயர் வெட்டச் சொல்லி வாங்குங்கள். அடியில் வெட்டினால் பிரயோஜனமில்லை, மூடியில் பெரிதாக வெட்டச் சொல்லுங்கள். திறக்கும்போதெல்லாம் உறுத்த வேண்டும். டப்பா வந்தால்தான் அடுத்த முறை ஊறுகாய் என்று சொல்லிவிடுங்கள். என்னுடைய இரண்டு அடுக்குத் தூக்கு ஒன்று என் ஓரகத்தி வீட்டில், ஆரணியில் இருக்கிறது. இந்தப் பத்திரிகையை அவள் விடாமல் படிப்பாள்.